கம்பி சுடுகிறது, வீடு குளிர்கிறது

அக்டோபர் கடைசியில் அட்லாண்டாவிலோ டாலஸிலோ ஏதாவது ஒரு வீட்டில், பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாகத் தெர்மோஸ்டாட்டை ‘ஹீட்’ பக்கம் தள்ளுவார்கள். ஓரிரு நிமிடத்தில் கூரைத் துவாரங்கள் வழியே கருகல் வாடை இறங்கும். பதறிப்போய் ஜன்னலைத் திறப்பவர்கள் உண்டு. கோடை முழுக்க வெப்பக் கம்பிகள் மீது படிந்த தூசி எரிகிற வாடைதான் அது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாமல் பிளாஸ்டிக் கருகும் நெடியாகவோ, மீனே சமைக்காத வீட்டில் மீன் வாடையாகவோ மாறினால் மட்டும் பிரேக்கரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய மின்காப்புப் பொருள்கள் சில மீன் போலவே நாறும்.

அமெரிக்காவின் வட மாநிலங்கள் பெரும்பாலும் எரிவாயுவில் குளிர்காய்கின்றன. தெற்கே நிலைமை வேறு. ஃப்ளோரிடாவில் பத்தில் ஒன்பது வீடுகளும் டெக்சஸில் பத்தில் ஆறு வீடுகளும் மின்சாரத்தால்தான் சூடாகின்றன. அந்த வீடுகளின் பரணிலோ காரேஜிலோ நடையை ஒட்டிய சிறு அறையிலோ ஒரு பெரிய தகரப் பெட்டி இருக்கும். ஏர் ஹேண்ட்லர் என்பார்கள். கோடையில் குளிர்ந்த காற்றைத் தள்ளுவதும் குளிர்காலத்தில் சூடான காற்றைத் தள்ளுவதும் அதே பெட்டி, அதே ப்ளோவர். சென்னையிலிருந்து போய் ஹூஸ்டனில் வீடு வாங்குகிறவருக்கு ஏசி புதிதல்ல. அந்தப் பெட்டிக்குள் வெப்பக் கம்பியும் சுருண்டு கிடக்கும் என்பதுதான் புதிது.

அந்தக் கம்பி நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்றார். சூடேறும்போது அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்று அரிக்காமல் காக்கும். அதனால் செக்கச் சிவந்து நின்றாலும் பல ஆண்டுகள் தாங்கும். அமெரிக்க வீடுகளில் இந்தச் சுருள்கள் 240 வோல்ட்டில் வேலை செய்கின்றன. ஒரு சுருளின் மின்தடை 12 ஓம் என்றால் 20 ஆம்பியர் ஓடும், 4.8 கிலோவாட் வெப்பம் வரும். ஒரு சாதாரண வீட்டில் இப்படி இரண்டு, மூன்று அல்லது நான்கு சுருள்கள் இருக்கும்.

நிக்ரோமுக்கு இன்னொரு குணம் உண்டு. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் கூடி, மின்னோட்டம் தானாக அடங்கிவிடும். நிக்ரோமின் மின்தடை சூட்டில் மிகக் கொஞ்சமே மாறுகிறது. காற்று வந்தாலும் வராவிட்டாலும், வீடு குளிர்ந்தாலும் வெந்தாலும், அது பாட்டுக்குத் தன் 4.8 கிலோவாட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போக வேண்டியது காற்றின் பொறுப்பு.

கணக்கு எளிது. இரண்டு சுருள்கள் சேர்ந்து 9.6 கிலோவாட். ப்ளோவர் நிமிடத்துக்கு 28 கன மீட்டர் காற்றைத் தள்ளினால் (அமெரிக்கக் கணக்கில் 1,000 கன அடி) காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸ் உயரும். அறையிலிருந்து 20 டிகிரியில் உள்ளே போன காற்று 37 டிகிரியில் திரும்பும். காற்று பாதியாகக் குறைந்தால் உயர்வு 34 டிகிரி. வெளிவருவது 54 டிகிரி. கால்வாசியானால் பெட்டிக்குள் 90 டிகிரியை நெருங்கும். ஹேர் டிரையரின் பின்பக்க வலையைக் கையால் மூடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: முன்னால் வரும் காற்று சட்டென்று தகிக்கும், சில நொடிகளில் கம்பி தானாக அணைந்துவிடும். டிரையர் கெட்டுப்போகவில்லை, காற்று இல்லாததைக் கண்டுகொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

வீட்டுக்குள் இருக்கும் பெரிய பெட்டியிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘சூடு வரவில்லை’ என்று வரும் புகாரில் கம்பியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கம்பி அறுவதும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய பேர்வழி காற்று.

கம்பியையும் காற்றையும் ஒருங்கிணைக்கும் வேலையைப் பல பெட்டிகளில் செய்வது சீக்வென்சர் என்னும் தீப்பெட்டி அளவுச் சாதனம். தெர்மோஸ்டாட் வெறும் 24 வோல்ட்டில் பேசும் கருவி. 240 வோல்ட்டை அது தொடாது. அது அனுப்பும் சிறு மின்சாரம் சீக்வென்சருக்குள் இருக்கும் குட்டி ஹீட்டரைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் ஈருலோகத் தகடு ஒன்று வளைந்து, ‘டக்’ என்று தொடுமுனைகளைச் சேர்க்கும். இரண்டு உலோகங்களை ஒட்டினால் சூட்டில் ஒரு பக்கமாக வளையும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடல் கடிகாரத்தில் பயன்படுத்தினார்; அதே தத்துவம். தகடு சூடேறி வளைய அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. நான்கு சுருள்களும் ஒரே நொடியில் 80 ஆம்பியரை இழுத்தால் வீட்டு விளக்குகள் மங்கும். ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் யாருக்கும் தெரியாது. அணையும்போதும் தகடு ஆற நேரமெடுப்பதால், ப்ளோவர் கொஞ்சம் கூடுதலாக ஓடிக் கம்பியில் மிச்சமிருக்கும் சூட்டையும் அள்ளிச் செல்லும்.

இந்த ஏற்பாடு பிசகினால் காப்பாற்ற இரண்டு காவலர்கள். முதலாவது லிமிட் சுவிட்ச். அளவுக்கு மீறிச் சூடானால் சுருளை அணைத்து, ஆறியதும் தானே மறுபடி சேர்க்கும். இரண்டாவது ஒருமுறை மட்டும் வேலை செய்யும் உருகு இணைப்பு. லிமிட் சுவிட்சும் தவறினால் இது உருகி அறுந்து, புதிதாக மாற்றும்வரை அந்தச் சுருளுக்கு மின்சாரமே போகாது. உருகு இணைப்பு போய்விட்டதென்று புதிது போட்டுவிட்டுக் கிளம்புவது அரைவேலை. அது ஏன் போனது என்று பார்க்காமல் வந்தால் புதியதும் போகும். ஒரு துண்டு வயரால் லிமிட் சுவிட்சைத் தாண்டி இணைத்து ‘வேலையை முடிக்கும்’ கைகாரர்களும் இருக்கிறார்கள். மரச் சட்டங்களால் கட்டிய வீட்டின் பரணில் அப்படிச் செய்வது விளையாட்டல்ல.

சரி, புகார்களுக்கு வருவோம். மிகவும் வழக்கமானது இது: ஐந்து நிமிடம் நல்ல சூடு, அடுத்த ஐந்து நிமிடம் சூடேறாத காற்று, மறுபடி சூடு. ப்ளோவர் நிற்காமல் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீடு மட்டும் சொன்ன அளவுக்கு ஏற மாட்டேன் என்கிறது. லிமிட் சுவிட்ச் அணைத்து அணைத்துச் சேர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். சுவிட்சை மாற்றுவதற்கு முன் ஃபில்டரை உருவிப் பார்ப்பது நல்லது. ஆறு மாதத் தூசியும் நாய் முடியும் அப்பிய ஃபில்டரை எடுத்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டினால் விட்டு விட்டு வந்த சூடு நிலைத்துவிடும். வழக்கு அங்கேயே முடிந்தது. புது ஃபில்டர் போட்ட மறுநாள் தொல்லை தொடங்கியதென்றால் அதற்கும் காரணம் உண்டு. ஒவ்வாமைக்கு நல்லது என்று மெர்வ் 13 தரத்தில் அடர்த்தியான ஃபில்டர் வாங்கி, ஒரு அங்குலத் தடிமன் மட்டுமே கொள்ளும் இடத்தில் செருகியிருப்பார்கள். நுண்தூசியை அது பிடிக்கும், சரிதான். காற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. அடர்த்தியான ஃபில்டர் வேண்டுமென்றால் நான்கு அங்குலத் தடிமனுக்கு இடம் செய்வதுதான் முறை.

ஃபில்டர் சுத்தம் என்றால் அடுத்து ஏசியின் குளிர்சுருள். பல பெட்டிகளில் காற்று அதைக் கடந்துதான் வெப்பக் கம்பிக்கு வரும். கோடை ஈரத்தில் அதன் தகடுகளுக்கிடையே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதற்கும் அடுத்து ப்ளோவரின் உருளை. பல சிறு இதழ்கள் வட்டமாக நிற்கும் உருளை அது. ஒவ்வொரு இதழும் குழிந்த கரண்டிபோல் வளைந்து காற்றை அள்ளி எறியும். அந்தக் குழிவில் தூசி நிரம்பினால் இதழ் தட்டையாகிவிடும். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், சத்தமும் அதேதான், காற்று மட்டும் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு பார்த்து, இதழைத் தொட்டால்தான் விரலில் அழுக்கு ஒட்டும். பயன்படுத்தாத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடி மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பவர்களும் இதே விளைவைத்தான் வரவழைக்கிறார்கள்.

ப்ளோவர் மோட்டார்களில் இரண்டு சாதி. காற்று அடைபடும்போது இரண்டும் நேரெதிராக நடந்துகொள்ளும். பழைய வகை, கெபாசிட்டரோடு ஓடும் சாதாரண மோட்டார். காற்று குறைந்தால் தள்ளுவதற்குச் சுமை குறைகிறது. எனவே அது இழுக்கும் மின்னோட்டமும் குறையும். ‘அடைப்பு இருந்தால் மோட்டார் திணறி அதிக மின்சாரம் எடுக்கும்’ என்று பல மெக்கானிக்குகளே நம்புவது இந்த வகைக்குப் பொருந்தாது. புதிய வகை, நிலைக்காந்தமும் மின்னணுச் சுற்றும் கொண்ட ஈசிஎம் மோட்டார். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஃபர்னஸ் ஃபேன் விதி 2019 ஜூலை 3 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு புதிய ஃபர்னஸ்களில், அதாவது சூடான காற்றைத் தள்ளும் பெட்டிகளில், இதுவே பரவலானது. காற்றின் அளவைக் காப்பாற்றும்படி அமைத்த ஈசிஎம், அடைப்பைக் கண்டால் வேகத்தைக் கூட்டிப் போராடும். சத்தம் ஏறும், மின்சாரம் ஏறும். காற்று ஓரளவு வந்துகொண்டே இருப்பதால் வீட்டுக்காரருக்கு ஃபில்டர் நினைவே வராது. மோட்டாரின் மின்னணுப் பலகை வெந்துபோகும் நாளில் வரும். அந்தப் பலகையின் விலையும் கூடவே வரும்.

ப்ளோவர் சுத்தமாக ஓடவே இல்லை என்றால், மின் ஹீட்டருக்கு அது அவசரநிலை. செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் ஹீட்டை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’ நிலைக்கு மாற்ற வேண்டும். ப்ளோவர் ஓடினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது; ஹீட் கேட்கும்போது அதை எழுப்ப வேண்டிய சீக்வென்சர் முனையோ ரிலேயோதான் குற்றவாளி. சில மோட்டார்களில் குளிருக்கு ஒரு வேகம், சூட்டுக்கு இன்னொரு வேகம் என்று தனித்தனி வயர்கள் உண்டு. ஆகவே கோடை முழுக்க நன்றாக ஓடிய ப்ளோவர் குளிர்காலத்தில் மௌனமாக நிற்பதில் அதிசயம் இல்லை.

எந்த நிலையிலும் ஓடாமல், ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நின்றால் கெபாசிட்டரைப் பார்க்கலாம். ஒற்றைக் கட்ட மின்சாரம் ஒரே சுருளில் ஓடும்போது உருவாகும் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தின் கட்டத்தைக் கெபாசிட்டர் தள்ளிவைத்தால்தான் சுழலும் புலம் பிறக்கும். நம் ஊர் சீலிங் ஃபேனில் மெக்கானிக் ‘கண்டென்சர்’ என்று மாற்றுவாரே, 2.5 மைக்ரோஃபாரட் பெட்டி, அதே சாமான்தான். இங்கே 5 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். மேலே 10 என்று அச்சிட்டிருக்க மீட்டர் 6 காட்டினால் அது குப்பைக்கு. பிரேக்கரை அணைத்த பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், மீட்டர் வைப்பதற்கு முன் அதை மின்தடை ஒன்றின் வழியே வடிய விட வேண்டும்.

மோட்டார் சுற்றுகிறது, காற்று மட்டும் இல்லை என்றால் உருளையைத் தண்டோடு பிணைக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. புது மோட்டார் மாட்டியவர் சுழலும் திசையை மாற்றி இணைத்துவிட்டால் காற்று பின்பக்கமாகப் போகாது; இந்த வகை உருளை தலைகீழாகச் சுற்றினாலும் முன்பக்கமாகவே, ஆனால் வெகுவாகக் குறைந்த அளவில் ஊதும். காற்று வருவதைக் கையால் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டு அவர் போய்விடுவார். லிமிட் சுவிட்ச் திருப்திப்படாது.

தெர்மோஸ்டாட்டை வீட்டுக்காரரே மாற்றும் காலம் இது. கடையில் வாங்கி, பழைய வயர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கலர் பார்த்து மாட்டிவிடலாம். சிவப்பு மின்சாரத்துக்கு, வெள்ளை சூட்டுக்கு, மஞ்சள் குளிருக்கு, பச்சை ஃபேனுக்கு என்பது வழக்கம். எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் அமைப்புப் பட்டியலில் ‘கேஸா, மின்சாரமா’ என்றொரு கேள்வி ஒளிந்திருக்கும். எரிவாயு ஃபர்னஸ் தன் ப்ளோவரைத் தானே இயக்கிக்கொள்ளும். எனவே ‘கேஸ்’ என்று வைத்தால் ஹீட் கேட்கும்போது தெர்மோஸ்டாட் பச்சை வயரைத் தொடாது. ஆனால் சில மின் ஃபர்னஸ்கள், ப்ளோவரைத் தெர்மோஸ்டாட்தான் எழுப்பும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும். இந்த ஒரு தேர்வு மாறிப்போனால் கம்பி பழுக்கும், ப்ளோவர் தூங்கும், லிமிட் சுவிட்ச் தட்டும். வீட்டில் பழுதென்று சொல்ல ஒரு பாகமும் இல்லை. ஆனாலும் சூடு இல்லை.

காற்று நன்றாக வருகிறது, சூடு மட்டும் பாதி என்றால் அப்போது கம்பியின் முறை. இங்கே சிறந்த கருவி கிளாம்ப் மீட்டர். ஒவ்வொரு சுருளுக்கும் போகும் வயரை அதன் தாடைக்குள் பிடித்தால் 20 ஆம்பியர் அளவில் காட்ட வேண்டும். இரு முனைக்கிடையே 240 வோல்ட் இருந்தும் ஆம்பியர் பூஜ்யம் என்றால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது உருகு இணைப்பு போயிருக்கிறது.

வோல்ட் மீட்டர் மட்டும் வைத்திருப்பவர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அமெரிக்க வீட்டின் 240 வோல்ட் என்பது எதிரெதிராகத் துடிக்கும் இரண்டு 120 வோல்ட் கம்பிகளுக்கு இடையிலானது. அவற்றில் ஒன்று பிரேக்கரில் கருகி அறுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சுருளின் ஒரு முனைக்கும் தகரப் பெட்டிக்கும் இடையே அளந்தால் 120. மறுமுனைக்கும் பெட்டிக்கும் இடையே அளந்தாலும் 120! உயிருள்ள பக்கத்தின் மின்சாரமே சுருள் வழியாக மறுமுனைக்கு வந்து நிற்கிறது. இரண்டையும் கூட்டி 240 இருக்கிறது என்று முடிவுகட்டி, நல்ல சுருளைக் கழற்றிவிட்டுப் புதுச் சுருள் மாட்டுவார்கள். அதுவும் சூடாகாது. மீட்டரின் இரு முனைகளையும் சுருளின் இரு முனைகளில் வைத்திருந்தால் பூஜ்யம் காட்டிக் கதையை உடைத்திருக்கும்.

அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின்படி, 48 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஹீட்டரைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் 60 ஆம்பியருக்கு மிகாத தனிப் பாதுகாப்பு வேண்டும். பெரிய ஏர் ஹேண்ட்லர்களில் இரண்டு பிரேக்கர்கள் இருப்பது அதனால்தான். ப்ளோவருக்கு மின்சாரம் தராத பிரேக்கர் விழுந்தால் ப்ளோவர் ஓடும், தெர்மோஸ்டாட் ஒளிரும், பாதிச் சுருள்கள் சுடும். டிசம்பரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜனவரிக் குளிரில்தான் பற்றாக்குறை தெரியும். பிரேக்கர் ஏன் கருகுகிறது என்றால், பெரும்பாலும் ஒரு ஸ்குரூ சரியாக இறுகாததால். தளர்ந்த இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை சேர்ந்தாலே போதும், 40 ஆம்பியர் ஓடும்போது அந்த ஸ்குரூ முனையில் 160 வாட் வெப்பம் குவியும். இயற்பியலாளர் ஜூல் 1840களில் எழுதிய விதி அங்கேயும் அட்சரம் பிசகாமல் வேலை செய்கிறது.

சூடு நிற்கவே மாட்டேன் என்கிற வீடுகளும் உண்டு. சீக்வென்சரின் முனைகள் ஒட்டிப் பற்றிக்கொண்டால் தெர்மோஸ்டாட் போதும் என்று சொன்ன பிறகும் சுருள் எரியும். கோடையில் இது நடந்தால், ஏசி ஒருபுறம் குளிர்விக்க, கம்பி மறுபுறம் சுட, வீட்டுக்காரர் இரண்டுக்கும் காசு கட்டுவார். இன்னும் விசித்திரமானது, தொய்ந்த சுருள் தகரச் சட்டத்தைத் தொட்டுவிடும் பழுது. பல பெட்டிகளில் சீக்வென்சர் ஒரு பக்கக் கம்பியை மட்டுமே துண்டிக்கும். மறுபக்கம் எப்போதும் உயிரோடு இருக்கும். சுருள் நடுவில் தொட்டால் 120 வோல்ட், 6 ஓம், 20 ஆம்பியர்: யாரும் கேட்காமலேயே 2.4 கிலோவாட். 60 ஆம்பியர் பிரேக்கருக்கு 20 ஆம்பியர் ஒரு பொருட்டல்ல, அது விழாது. ப்ளோவரும் ஓடாது. ஃபேன் நின்றிருக்கும் நள்ளிரவில் பெட்டி தொட முடியாமல் கொதித்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

டெக்சஸுக்கு 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் நேர்ந்தது இதே கம்பிகளின் மாநிலம் தழுவிய கூட்டல் கணக்கு. அங்கே பல வீடுகளில் ஹீட் பம்ப் உண்டு. அதாவது ஏசியைத் திருப்பிப் போட்டு வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைக்கும் ஏற்பாடு. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். வெளியே உறையும்போது அது தளர, துணைக்கு நிக்ரோம் சுருள்கள் எழும். அவை ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும். டாலஸில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 19 டிகிரிக்குப் போன வாரம் அது. தேவை இப்படி எகிற, எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் பனியில் முடங்கின. மின் கட்டமைப்பு முழுவதும் சரிந்து விழ 4 நிமிடம் 37 நொடிகளே மிச்சமிருந்தன என்று அதன் நிர்வாக அமைப்பு பிற்பாடு சொன்னது. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள்.

அந்தத் துணைச் சுருள்கள் பழுதை மறைக்கவும் வல்லவை. வெளியே நிற்கும் ஹீட் பம்ப்பின் கம்ப்ரசர் செத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். உள்ளே சுருள்கள் அதன் வேலையையும் செய்துகொண்டிருக்கும். வீடு கதகதப்பாகவே இருக்கும். பத்து கிலோவாட் நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் நூறு யூனிட். யூனிட் 15 சென்ட் என்றாலும் தினம் 15 டாலர். பில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஒரு நாளில், தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்துக்கு ஒரே ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி மேலே வைத்து, சுருள்களுக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டரைப் பிடித்தால் போதும். ஹீட் பம்ப் நலமாக இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். 20, 40 என்று காட்டினால் அடுத்து திறக்க வேண்டியது உள்ளே இருக்கும் பெட்டியை அல்ல, வெளியே இருப்பதை.